ஊன்றுகோலும் மானமும்

தமிழில் ‘கோல்’ என்னும் சிறு சொல் தாங்கி நிற்கும் பொருள்கள் பல. அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். தளர்ந்தோன் கையில் ஊன்றுகோல். முன்னைய மூன்றுக்கும் கிடைத்த புகழில் நாலில் ஒரு பங்கேனும் கடைசிக் கோலுக்குக் கிடைத்ததில்லை. வள்ளுவர் அதனை மறந்துவிடவில்லை. வழுக்கும் நிலத்தில் நடப்போனுக்குக் கோல் உதவுவதுபோல ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் உதவும் என்று அவர் உவமை கூறினார். புறநானூற்றுப் புலவர் ஒருவர், ஆற்று மடுவில் குதித்து விளையாடிய இளமையை எண்ணி ஏங்கும் கிழவரின் கையில் தொடித்தண்டைக் கொடுத்து நிற்கவைத்தார். இவ்விரு பாடல்களையும் மாணவர்க்குப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், அதன் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும், நுனி தேய்ந்தால் என்ன நேரும் என்பன போன்ற செய்திகள், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் வலது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகள் இரண்டும் முறிந்தபோதுதான் பாடமாயின.

அரபு இலக்கியம் கோலுக்குச் சற்றுத் தாராளமாகவே இடம் தந்திருக்கிறது. வலக்கையில் இருப்பது யாது என்று இறைவன் வினவியபோது, மூஸா (அலை) அவர்கள் கைத்தடி என்று கூறியதோடு நிறுத்தவில்லை. அதன்மீது சாய்ந்துகொள்வதையும், ஆடுகளுக்குத் தழை உதிர்ப்பதையும் சொல்லி, தமக்கு அதில் வேறு பயன்களும் உண்டு என்று முடித்த செய்தியைத் தாஹா அத்தியாயத்தில் ஓதுகிறோம். அந்த வேறு பயன்கள் எவை என்பதற்கு விரிவுரையாளர்கள் பட்டியல்கள் தந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த பேரறிஞர் ஜாஹிழ், தம் ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் கைத்தடிக்கென ஒரு பெரும் பகுதியையே ஒதுக்கினார். தடியூன்றி நின்று சொற்பொழிவாற்றும் அரபியரின் வழக்கத்தை எள்ளி நகையாடியவர்களுக்கு விடையாக எழுதப்பட்ட பகுதி அது. வெள்ளிக்கிழமைகளில் மிம்பரில் ஏறும் கதீபின் கையில் நம் பள்ளிவாசல்கள் பலவற்றிலும் கொடுக்கப்படுகின்ற அஸா, அந்தப் பழைய மரபைச் சேர்ந்ததே.

வேடிக்கை என்னவெனில், ஜும்ஆவன்று அஸாவைப் பிடித்து நின்றால் அமைதியாகச் செவிசாய்க்கும் அதே மக்கள், சனிக்கிழமை காலை ஒருவன் கைத்தடியுடன் கடைத்தெருவுக்கு வந்தால், “என்ன ஹஜ்ரத், அதுக்குள்ளே கம்பு ஊன்ற வேண்டியதாப் போச்சே!” என்று உச்சுக் கொட்டுகிறார்கள். மிம்பரில் கண்ணியமாக இருக்கும் தடி தெருவில் எப்படி இரக்கத்துக்குரியதாக ஆகிறது என்பதை நான் படுத்துக் கிடந்த நாள்களில் நெடுநேரம் சிந்தித்ததுண்டு.

எங்கள் ஊர் சந்தவாசல். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர். படவேட்டுக்குப் போகிறவர்கள் பேருந்தைவிட்டு இறங்குமிடம் என்றால் பலருக்கு விளங்கும். மலையிலிருந்து இறங்கி வரும் பெரியவர்களில் பலர் கையில் மூங்கில் தடி வைத்திருப்பதை இங்கே எவரும் இரக்கத்தோடு பார்ப்பதில்லை. மலை ஏறுகிறவனுக்கு மூன்றாம் கால் வேண்டும் என்பது அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி. சமவெளியில் நடப்பவனுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை.

என் கால் முறிந்தது வீட்டின் கொல்லைப்புறத்தில், துவைக்கும் கல்லின் அருகே. பாசி படிந்த தரை, மழைநீர், அவ்வளவே. புத்தூருக்குக் கொண்டுபோய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போடலாம் என்று உறவினர் பாதிப்பேரும், வேலூர் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று மறுபாதிப்பேரும் வாதிட்டார்கள். வேலூர் வென்றது. தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்து, ஆறு வாரங்களுக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மருத்துவம் அத்தோடு முடிந்தது. வாழ்க்கை வீட்டில் தொடங்கிற்று.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பத்து வயதாகும்போது, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், எங்கள் நன்னி தாழ்வாரத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்று எங்கள் வீட்டு நிலைக்கு அறுவை சிகிச்சை எட்டாத ஒன்று. முன்னறையின் மூலையில் கயிற்றுக் கட்டில் போட்டு அவரைக் கிடத்தினார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். முகம் கோணாமல் செய்தார்கள். ஆனால் அவரைக் கொல்லைக்குத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும். தொட்டிலில் குழந்தை அழும். ஆண்கள் வீட்டில் இருந்தால் திரை பிடிக்க மூன்றாவதாக ஒருவர் வேண்டும். நன்னி இதையெல்லாம் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்: அஸருக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. தாகமில்லை என்பார். சித்திரை மாதத்து வெயிலில் உதடு வெடித்திருக்கும், தாகமில்லை என்பார். நான் செம்பில் நீர் கொண்டுபோனால் என் தலையைத் தடவிவிட்டுச் செம்பைக் கட்டிலுக்குக் கீழே வைக்கச் சொல்வார். காலையில் அது வைத்தபடியே இருக்கும். இரண்டாம் கோடையில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. அவ்வாண்டே அவர் காலமானார். அல்லாஹ் அவர்களுடைய மண்ணறையை ஒளியாக்குவானாக! நீர் அருந்தாமைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதனைச் சொல்லும் தகுதி மருத்துவருக்கே உண்டு. நிரம்பிய செம்பு மட்டும் என் கண்ணில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் இரவு, தலைமாட்டில் இருந்த டம்ளரை நோக்கி நீண்ட என் கை பாதியில் தயங்கிற்று. குடித்தால் நள்ளிரவில் மனைவியை எழுப்ப வேண்டும். அவளால் மட்டும் தாங்க முடியாது, மகனையும் எழுப்ப வேண்டும். வயது வந்த மகன் முன் எந்த நிலையில் இருக்க நேரும் என்பதை வாசகர்கள் உணர்வார்கள். அந்தத் தயக்கத்தின் நடுவில் நன்னியின் செம்பு நினைவில் வந்து நின்றது. நீரை முழுவதும் குடித்தேன். விடிந்ததும் ஊர் ஆசாரிக்கு ஆளனுப்பினேன்.

வந்தவர், பல ஆண்டுகளாக எங்கள் மதரஸாவுக்குப் பலகையும் ரேஹாலும் செய்து கொடுப்பவர். செய்தியைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஒரு நூலை எடுத்து என் இடது பாதத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தார். “உக்காந்தா பாதம் தரையில படியணும் பாய். தொங்கினாலும் கஷ்டம், ரொம்பத் தாழ்ந்தாலும் எழுந்திரிக்க முடியாது” என்றார். வீட்டிலிருந்த பழைய தேக்கு நாற்காலியின் நடுப்பலகையில் வட்டமாக அறுத்து, விளிம்பை வழவழப்பாக்கி, கைப்பிடிகளை ஒரு சாண் முன்னால் நீட்டினார். அப்படி நீட்டியதன் நுட்பம் எழுந்திருக்கும்போதுதான் புரிந்தது. கையூன்றும் இடம் உடலுக்கு முன்னால் இருந்தால்தான் எடை முன்னோக்கிச் சாயும். கால் தானே எழும். நான்கு கால்களின் நுனியிலும் தடித்த ரப்பர் வைத்தார். கீழே ஏனம் வைத்தால் இரவில் அறையிலேயே பயன்படும். ஏனத்தை எடுத்துவிட்டால் தரையில் பதித்த கழிப்பிடத்தின்மேல் அப்படியே பொருந்தும். மருந்துக்கடைகளில் இரும்பிலும் அலுமினியத்திலும் இதே நாற்காலி மடக்கும் வகையாகக் கிடைக்கிறது. ஆசாரி செய்தது மடங்காது, கனமும் அதிகம். ஆனால் அது ஆடாது. ஆடாமை என்ற ஒரு குணத்துக்காக ஏனைய குறைகள் அனைத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு நான் எவரையும் எழுப்பவில்லை. கால் குணமாவதற்கு அந்த நாற்காலி எவ்வகையிலும் உதவவில்லை. தகடும் திருகும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. ஆயினும் நான் மீண்டும் ஒரு முழு மனிதன் என்ற உணர்வு வந்தது அன்றுதான். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்தக் கிளையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நாம், நோயுற்ற பெரியவர்களிடம் அது வாடாமல் இருக்க வழி செய்துகொடுக்க வேண்டாமா? பணிவிடை செய்யும் பிள்ளை பெரும் பேறு. பணிவிடை தேவைப்படாமல் கதவைச் சாத்திக்கொள்ள முடிவது அதனினும் பெரிய பேறு. இதனைப் படுத்துக் கிடந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

குளிப்பதற்கு ஒரு முக்காலி. அதன் கீழ் மேடுபள்ளமுள்ள ரப்பர் விரிப்பு. சுவரில் இரு இடங்களில் கைப்பிடிக் கம்பி. துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழ முயன்றால் கம்பியோடு சேர்ந்து விழ நேரும். சுவரில் ஆழமாகப் பதித்த இரும்புக் கம்பியே வேண்டும். தண்ணீர் வாளி தரையில் இருந்தால் குனிய வேண்டியிருக்கும். முக்காலியின் உயரத்துக்கு அதனை ஏற்றி வைத்தால் தொல்லையில்லை. நீண்ட பிடியுள்ள குவளை ஒன்று இருந்தால், சுத்தம் செய்வதற்கும் பிறர் கை தேவைப்படாது. கழிப்பறையில் உட்கார்ந்த நிலையில் எட்டுமிடத்தில் குழாய் இருப்பது, ஓர் ஏவலாள் இருப்பதற்குச் சமம்.

உளூவைப் பற்றி நம் வாசகர்கள் கேட்பார்கள். கட்டின்மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்யும் சட்டத்தை, ‘ஜபீரா’ என்ற தலைப்பில் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்திருக்கின்றன. நான் இளவயதில் அதனை ஓதியபோது முறிந்த எலும்பின்மேல் வைக்கும் பத்தை என்று அகராதிப் பொருளை எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். தொழுகையிலும் அவ்வாறே. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அருளிய அனுமதி புகாரியில் பதிவாகியிருக்கிறது. பெருமானாரே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்று, அமர்ந்து தொழுத வரலாறும் அங்கே உண்டு. நாற்காலியில் தொழுவோர் ஸஜ்தாவுக்காக ருகூஉவைவிடச் சற்று அதிகமாகக் குனிந்து சைகை செய்தால் போதும். நெற்றிக்கு எதிரே பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

இனி நடைக்கு வருவோம். முதலில் வந்தது வாக்கர். நாற்கால் சட்டம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் புரியவில்லை, ஆகவே வாக்கராகவே இருக்கட்டும். வாங்கி வந்தபின்தான் தெரிந்தது, அது எங்கள் பின்கட்டுக் கதவில் நுழையாது என்று. பழைய ஓட்டு வீடுகளில் முன்வாசல் அகலமாகவும், உள்ளே போகப்போகக் கதவுகள் குறுகியும், நிலைப்படிகள் ஓரடி உயர்ந்தும் இருக்கும். கடைக்குப் போகும் முன் எல்லாக் கதவுகளின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பதை என் மகன் இப்போது ஊரில் எல்லாருக்கும் சொல்லி வருகிறான். நிலைப்படிக்கு இருபுறமும் மரச்சாய்வு வைத்துச் சமாளித்தோம்.

வாக்கரைப் பிடித்தவனுக்கு இரண்டு கைகளும் போய்விடும். ஒரு தேநீர்க் குவளையைச் சமையலறையிலிருந்து முன்னறைக்குக் கொண்டுவர முடியாது. இதற்கு மருந்து, கதர்க்கடையில் விற்கும் சாதாரண ஜோல்னாப் பை. கழுத்தில் குறுக்காகப் போட்டுக்கொண்டால் மூடியுள்ள ஃபிளாஸ்க்கு, கண்ணாடி, கைப்பேசி, தஸ்பீஹ் மணி, ஒரு சிறு நூல் எல்லாம் அதில் அடங்கும். கவிஞர்களுக்கு மட்டுமே உரியதென்று நான் எண்ணியிருந்த பை அது! கீழே விழுந்த பொருளை எடுக்க முருங்கைக்காய் பறிக்கும் துறட்டியைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டேன். தழை உதிர்க்கும் தடி என்ற திருமறைச் செய்தி அப்போதெல்லாம் புன்னகையோடு நினைவுக்கு வரும்.

உடையைப் பொறுத்தவரை நம் கைலிக்கு இணையில்லை. கட்டுப் போட்ட காலைக் குழாயில் நுழைக்கும் துன்பம் அதில் கிடையாது. ஆனால் கரை தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உடுத்த வேண்டும். கோலின் நுனி கைலியை மிதித்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். பேண்ட் அணிவோர், அடிபட்ட காலை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும்.

வாக்கருக்குப் பின் அக்குள் கட்டைகள். இவற்றைப் பற்றி நம் மக்களிடம் பரவியிருக்கும் எண்ணம் ஒன்று ஆபத்தானது. பெயரில் அக்குள் இருப்பதால் அக்குளில் தொங்கிக்கொண்டு நடப்பவர்களே மிகுதி. கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல்கட்டை இடைவெளி இருக்க வேண்டும். உடலின் பாரம் உள்ளங்கைகளில் இறங்க வேண்டும். அக்குளில் அழுத்தினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, கை மரத்து, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவதுண்டு. காலுக்காகக் கையை இழப்பது என்ன வியாபாரம்?

கடைசியில் கைத்தடி. பார்க்க வந்த உறவினர் ஒருவர், வேலைப்பாடு மிகுந்த அழகான தடி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். பிடித்து நின்றால் தோள் காதைத் தொட்டது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரமே தடியின் பிடி இருக்க வேண்டிய உயரம். அப்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். அவர் மனம் நோகாதவாறு அவர் எதிரிலேயே ஆசாரியை அழைத்து அடியில் நான்கு விரற்கடை அறுத்தோம். நுனியில் மாட்டும் ரப்பர் தேய்ந்து வழவழப்பானவுடன் மாற்றிவிட வேண்டும். மிகச் சிறிய செலவு அது. அதனைச் செய்யாதவர்தாம் ஈரத்தரையில் விழுகிறார்கள்.

எந்தக் கையில் பிடிப்பது? அடிபட்ட காலின் பக்கம் என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. நடக்கும்போது வலக்காலோடு இடக்கையும், இடக்காலோடு வலக்கையும் முன்னே செல்வது மனித இயல்பு. ஆகவே வலக்கால் நோயுற்றவன் இடக்கையில் தடியைப் பிடித்து, இரண்டையும் ஒருசேர முன்வைத்தால் பாரம் தடிக்கும் பகிர்ந்து போகும். இதில் எனக்குக் கிடைத்த உபரி இலாபம், முஸாஃபஹா செய்ய வலக்கை ஓய்வாக இருந்தது.

பள்ளிவாசல் படிகளில்தான் ஒரு சிக்கல் முளைத்தது. படியேறும்போது நல்ல கால் முதலிலும், இறங்கும்போது நோயுற்ற கால் முதலிலும் செல்ல வேண்டும் என்பது உடற்பயிற்சி கற்பித்த அம்மையாரின் கட்டளை. பள்ளிக்குள் வலக்காலை வைத்து நுழைய வேண்டும் என்பது மார்க்க ஒழுங்கு. என் வலக்கால்தானே நோயுற்ற கால்! மாணவர்கள் இதனை ஒரு மஸ்அலாவாகவே எடுத்துக்கொண்டு விவாதித்தார்கள். முடிவில், படிகளை அம்மையாரின் சட்டப்படி ஏறி, மேலே சமதளத்தில் இரண்டு கால்களையும் சேர்த்து நின்று, பிறகு வாசலை வலக்காலால் கடப்பது என்று தீர்ந்தது. வெளியேறும்போது இடர் எதுவுமில்லை. இடக்காலால் வாசலைக் கடந்து, வலக்காலால் படியிறங்கினால் இரு சட்டங்களும் நிறைவேறிவிடுகின்றன.

நாம் தரையில் வாழும் மக்கள். உண்பது, உறங்குவது, தொழுவது, பாடம் கேட்பது, கழிப்பது எல்லாம் தரையோடு. கடைகளில் கிடைக்கும் கருவிகளோ நாற்காலியிலும் காலணியிலும் வாழ்வோரை மனத்தில் வைத்துப் பிறந்தவை. இந்த முரண்பாட்டை முதலில் கண்டுகொண்டு விடை தேடியவர்களில் ஜெய்ப்பூர்க்காரர்கள் இருவரை மறக்கலாகாது: எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி, கைவினைஞர் ராம் சந்திர சர்மா. அக்காலத்துச் செயற்கைப் பாதம் காலணிக்குள் மறைந்திருக்க வேண்டியது. அதனை அணிந்தவரால் சம்மணமிடவோ குந்தவோ வெறுங்காலோடு வயலில் இறங்கவோ முடியாது. 1968இல் இவ்விருவரும் ரப்பரைக் கொண்டு உருவாக்கிய பாதம் எப்புறமும் வளைந்தது. பார்ப்பதற்கும் பாதம் போலவே இருந்தது. 1975 முதல் ஜெய்ப்பூரின் அறநிறுவனம் ஒன்று அதனைக் கட்டணமின்றிப் பொருத்தி வருகிறது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் கை அவர் பெயர் அளவுக்கு வெளியே தெரியவில்லை. எங்கள் ஊர் ஆசாரி நூல்கொண்டு அளந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர் நினைவே வந்தது.

உறுப்பிழந்தவர் செயற்கை உறுப்பு அணிவது நமக்கும் புதிதன்று. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) என்ற தோழர் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார். அதில் துர்நாற்றம் வீசவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) கூறியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன், அங்கே மனிதனின் மானத்துக்காக அனுமதி பெற்றது. இன்னொருவர் கஷ்ஷாஃப் ஆசிரியர் ஸமக்ஷரீ. கி.பி. 1075இல் குவாரஸ்மில் பிறந்த அப்பேரறிஞர் ஒரு காலை இழந்தவர். பனியில் பயணம் செய்தபோது கால் கருகிப்போனது என்றும், கல்வி தேடிப் புகாரா செல்கையில் வாகனத்திலிருந்து விழுந்து முறிந்ததென்றும் இரு செய்திகளை இப்னு கல்லிகான் தருகிறார். ஸமக்ஷரீ மரக்கால் பொருத்திக்கொண்டு, அதன்மேல் நீண்ட அங்கியைத் தொங்கவிட்டு நடப்பார். காண்போர் அவரை வெறும் நொண்டி என்றே எண்ணுவார்கள். குற்றத்துக்குத் தண்டனையாகக் கால் வெட்டப்பட்டது என்று எவரும் ஐயுறாதிருக்க, உண்மை அறிந்தோர் பலர் சான்றளித்த ஆவணம் ஒன்றையும் உடன் வைத்திருந்தாராம். அந்த மரக்காலோடுதான் மக்காவுக்குச் சென்று தங்கினார். அங்கேதான் கஷ்ஷாஃபை எழுதி முடித்தார்.

எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள வேலூரிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன். 1986இல் மறைந்த அவர், சக்கர நாற்காலியை எவ்விடத்திலும் மறைத்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிலையான ஊனமுற்றோர்க்கு உதவிக் கருவிகள் தரும் அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட மத்திய அரசுக் கழகம் அவற்றைத் தயாரித்தும் வருகிறது. ஆனால் நடுவண் அரசின் அத்திட்டத்துக்கு நாற்பது விழுக்காட்டு ஊனச் சான்றிதழ் வேண்டும். ஐந்து மாதம் மட்டும் கால் இழந்தவனுக்கு அதில் இடமில்லை. அவன் விலைகொடுத்து வாங்க வேண்டும். ஐந்து மாதம் கழித்து அதனைப் பரணில் போட வேண்டும். எங்கள் தெருவில் விசாரித்தபோது மூன்று வீட்டுப் பரண்களில் வாக்கர் தூசி படிந்து கிடந்தது. நான்காவது வீட்டில், இடுப்பு முறிந்த மூதாட்டி ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

‘மாஊன்’ என்ற சொல்லை நாம் ஒவ்வொருவரும் சிறு வயதிலேயே மனனம் செய்கிறோம். அச்சிறு அத்தியாயம் கண்டிப்பது, அற்பப் பொருளையும் பிறர்க்குக் கொடாமல் தடுப்போரை. மாஊன் என்பது கோடரி, சட்டி, வாளி போன்று அக்கம்பக்கத்தார் தமக்குள் இரவல் கொடுத்து வாங்கும் புழங்குபொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கினார்கள். இக்காலத்து மாஊனில் வாக்கரையும், ஓட்டை போட்ட நாற்காலியையும் சேர்க்கலாம் என்று நான் கருதுகிறேன். எந்த மஹல்லாவுக்குப் போனாலும் பள்ளிவாசலின் ஒரு பக்கத்தில் சந்தூக்கு இருக்கிறது. இறந்தவரைத் தூக்கிச் செல்வதற்கான பெட்டியைத் தனித்தனியே வாங்குங்கள் என்று எந்த ஜமாஅத்தும் எந்த வீட்டுக்கும் சொல்வதில்லை. உயிரோடிருப்பவர் எழுந்து நடப்பதற்கான கருவி மட்டும் ஏன் அவரவர் பொறுப்பாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஜமாஅத் கூட்டத்தில் எழுப்பினேன். பள்ளிவாசலில் கழிப்பு நாற்காலியை வைப்பதா என்று ஒருவர் முகம் சுளித்தார். “மய்யித்துக் கட்டில் இருக்கிற இடத்துல இது இருந்தா என்ன அத்தா?” என்று இளைஞர் ஒருவர் திருப்பிக் கேட்டார். விவாதம் நீண்டது. கடைசியில், பள்ளியில் வேண்டாம், மதரஸாவின் பின்னறையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இப்போது அங்கே பரணிலிருந்து இறங்கிய வாக்கர்கள் மூன்று, அக்குள் கட்டை இரண்டு இணை, குளியல் முக்காலி ஒன்று, ரப்பர் நுனிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. யார், எதை, எந்தத் தேதியில் கொண்டுபோனார் என்பதை மாணவர்கள் எழுதுகிறார்கள். எந்தச் சமயத்தார் கேட்டாலும் கொடுக்கிறோம். திரும்பி வந்தவற்றைக் கழுவி வெயிலில் வைப்பதும் அவர்கள் வேலையே. ஆசாரி செய்த தேக்கு நாற்காலிதான் அறையில் தங்குவதே இல்லை. நோட்டின் கடைசிப் பதிவின்படி அது, சுவரைப் பிடித்து நடந்த அந்த மூதாட்டியின் வீட்டில் இருக்கிறது. அடுத்து அதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் ஆசாரியின் மைத்துனர். இன்னொன்று செய்ய அவரிடம் பலகை கொடுத்திருக்கிறோம்.